ஆயரின் வலது கை

என் கணவரை நான் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டில் விலா எலும்பு, ஒரு வீட்டில் முழங்கால், ஒரு வீட்டில் தாடையும் அதில் ஒட்டியிருந்த பற்களும். கொடுத்தவர்களில் பாதிப்பேர் அழுதார்கள், மீதிப்பேர் என்னை முறைத்தார்கள். ஆயர் என்றால் சபை முழுவதுக்கும் சொந்தமாம். அவர் துணிமணியைத் துவைத்துப் போட்ட இத்தனை வருஷத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. அழுக்குத்துணி விஷயத்தில் மட்டும் அவர் எனக்கே சொந்தமாக இருந்தார்.

அவர் பெயர் பாரிக். தபூரா ஊருக்கு ஆயராவதற்கு முன்னால் கழுதைகளுக்குச் சேணம் தைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரே ஒரு பெண். அரிசா. பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஊருக்கு வெளியே ஆலிவ் மரங்கள் நிற்கிற சரிவில், பாறையில், அவளுக்குக் குழி வெட்டியவர் அவள் அப்பாதான். வெட்டி முடித்தபோது பார்த்தால் மூன்று பேர் படுக்கிற அகலம் இருந்தது. நாங்கள் எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆயரான பிறகு அவர் வீட்டுக்கு நேரத்தோடு சாப்பிட வந்ததே இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை, யாரோ இரண்டு பேருக்குள் சண்டை, யாருக்கோ பிரசவம். கஞ்சி ஆறிப்போய் மேலே ஆடை கட்டிக் கிடக்கும். வந்ததும் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தால் அதுவும் கிடையாது. “சூடு பண்ணு” என்பார். மன்னித்துக்கொள் என்ற சொல்லை அந்த மனிதர் வாயிலிருந்து நானும் கேட்டதில்லை, ஊரும் கேட்டதில்லை. ஆயர் மன்னிக்கிறவர், கேட்கிறவர் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

அப்புறம் அந்தச் செருப்பு. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயர் கூட்டத்துக்கு வந்ததும் யாராவது ஒருவர் குனிந்து அவர் செருப்பு வாரை அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு அடிதடி நடக்கும். கர்கீலியா என்று ஒரு பணக்கார விதவை, முழங்கால் வலியோடு வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாள். திருத்தொண்டர் ரொகாத்துஸ் அவளை இடித்துக்கொண்டு குனிவார். ஊர் முழுக்கக் கழுதைக்கு வார் தைத்துக் கொடுத்த மனிதர், தன் செருப்பு வாரைத் தானே அவிழ்த்துப் பல வருஷமாகிவிட்டது. வீட்டில் நான் அவிழ்ப்பேன். எனக்கு அது ஆசீர்வாதம் இல்லை, வேலை.

முத்தூனுக்கு மட்டும் அந்தச் செருப்பைத் தொட அனுமதி இல்லை. கிழக்கு வாசல் பக்கம் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறவன் முத்தூன். கதவு அகலத்துக்கு ஆள் இருப்பான், ஆனால் தொட்டால் அழுதுவிடுவான். முந்தின பேரரசர் காலத்தில் ஊரில் எல்லோரையும் சந்தைத் திடலுக்குக் கூப்பிட்டு, பேரரசரின் தெய்வங்களுக்குப் பலிபீடத்தில் சாம்பிராணி போடச் சொன்னார்களே, அப்போது அவனும் போட்டான். பலியிட்ட கறியில் ஒரு துண்டைத் தின்றும் காட்டினான். நாங்கள் போடவில்லை. ஏனென்றால் நாங்கள் ஊரிலேயே இல்லை. பாரிக்கும் நானும் மலைக்குகையில் ஒளிந்துகொண்டிருந்தோம். ஓடி ஒளிந்தவர்களுக்குப் பாவமில்லையாம், ஊரில் நின்று பயந்தவனுக்குத்தான் பாவமாம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் குகைக்கு வாராவாரம் ரொட்டியும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? முத்தூன்தான். அவனும் போட மறுத்துச் சிறைக்குப் போயிருந்தால் நாங்கள் பட்டினியில் செத்திருப்போம். அதை அவன் ஒரு நாளும் சாக்காகச் சொன்னதில்லை. அதனாலேயே நான் சொல்கிறேன்.

அந்தப் பேரரசர் செத்து, கெடுபிடி அடங்கி, சாம்பிராணி போட்டு மறுதலித்தவர்கள் எல்லாம் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். பாரிக் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே வழிபாட்டில் அப்பம் பிட்டுப் பகிரும்போது அவர்கள் வெளியே நின்று மார்பில் அடித்துக்கொள்வார்கள். காலம் வரும்போது ஆயர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைப்பார், அவர்கள் உள்ளே வரலாம். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முத்தூன் கறியும் தின்றவன் என்பதால் அவனுக்குத் தவணை நீண்டுகொண்டே போனது. மழையில் நின்றான், வெயிலில் நின்றான். கடைசியில் பாரிக், “வர்ற உயிர்ப்பு நாள்ல உனக்குக் கை வைக்கிறேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு அவன் அழுத அழுகையில் எனக்கே மூக்கு அடைத்துவிட்டது.

ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடுகிற அந்த நாளுக்கு முன்னால் ஆளுநரின் ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை முதலில் ஆயர்களைத்தான் பிடித்தார்கள். பாரிக் ஓடவில்லை. போன தடவை ஓடியதற்கு ஊர் முதுகுக்குப் பின்னால் சிரித்தது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

சிறைக்குப் பருப்புக் கஞ்சி கொண்டுபோனேன். கூடையைத் தூக்கிக்கொண்டு முத்தூன் கூட வந்தான். காவல்காரனுக்கு ஒரு குப்பி எண்ணெய் கொடுத்து உள்ளே விடச் செய்தவனும் அவன்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் பாரிக் உட்கார்ந்திருந்தார். தாடியில் வைக்கோல். கஞ்சியை வாங்கி வைத்துவிட்டு, “ஆறிப்போச்சா?” என்றார்.

“இன்னைக்கு நான்தான் தாமதம். சும்மா சாப்பிடுங்க” என்றேன்.

முத்தூன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டான்.

“ஐயா, உயிர்ப்பு நாளுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கு. அதுக்குள்ள உங்கள...”

“கொன்னுருவாங்க. சொல்லேன், என்ன தயக்கம்?”

“ஒரே ஒரு தடவ, இந்தக் கம்பி வழியா கைய நீட்டி என் தலையில வச்சிருங்கய்யா. எனக்கு அது போதும்.”

“உயிர்ப்பு நாள்னு சொன்னேன்ல?”

“அன்னைக்கு நீங்க இருக்கமாட்டீங்களேய்யா!”

“நான் சொன்ன சொல்லு இருக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சொல்லு வந்து தலையில உக்காருமா? அவனுக்கு வேண்டியது கை! அந்தக் கைதான் சும்மா மடியில கெடக்கே, அதத் தூக்கி வச்சா தேஞ்சா போயிரும்?”

“உனக்கு இது புரியாது. இன்னைக்கு இவனுக்கு வச்சா, நாளைக்கு மத்தவன் சாம்பிராணி போடும்போது என்ன நெனப்பான்? அதுக்கென்ன, கடைசில கை வச்சு விட்ருவாங்கன்னு நெனப்பான். ஒருத்தனுக்காகக் கதவ ஒடைக்க முடியாது.”

“கதவு, கதவு! நம்ம குகைக்குக் கதவே இல்ல. அங்க ரொட்டியத் தூக்கிட்டு வந்தான் இவன். அப்ப நல்லா தின்னீங்க.”

“அக்கா, விடுங்கக்கா” என்றான் முத்தூன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றான். நின்றே பழகியவன்.

பாரிக் கஞ்சியில் ஒரு வாய் குடித்தார். பிறகு, “என்னய அரிசா பக்கத்துல போட்டுரு” என்றார்.

“பின்ன, தெருவுலயா போடுவேன்?”

“இல்ல... அவ தனியா இருக்கா.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்ட ஒரே காரியம் இதுதான். சரி என்றேன். முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று கம்பி வழியாக அவர் விரலைப் பிடித்துச் சொன்னேன். அந்த வலது கைதான். சேண ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிப்போன கை.

வீட்டுக்கு வந்தால் கர்கீலியா உட்கார்ந்திருக்கிறாள். “ஆயரம்மா, அவரோட சீப்பு இருக்குமா? தலமுடி சிக்கியிருந்தாலும் பரவாயில்ல, அப்பிடியே குடுங்க” என்றாள். மனிதர் இன்னும் உயிரோடு கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்! சீப்பு இல்லை, தொலைந்துவிட்டது என்றேன். அவள் போன பிறகு பார்த்தால், திண்டுக்கு மேல் கிடந்த அவர் பழைய இடுப்புவாரையும் காணவில்லை.

ஊருக்கு வெளியே விலங்குகளைச் சண்டைக்கு விடுகிற திடலில்தான் நடந்தது. தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்கள். ஆளுநர் ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“ஒரு கிள்ளு சாம்பிராணி போடு கெழவா. எனக்கும் இந்த வெயில் தாங்கல.”

“எனக்கும்தான் தாங்கல. சீக்கிரம் முடிங்க” என்றார் பாரிக்.

கூட்டம் சிரித்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

தண்டனையை நிறைவேற்றுகிறவன் கிட்டே வந்தான். உயிர் போகிறவனின் உடுப்பும் செருப்பும் அவனுக்குச் சேர வேண்டியவை. “செருப்பக் கழட்டு, கருகிப்போகும்” என்றான். பாரிக் குனிந்தார். வாரைப் பிடித்து இழுத்தார். முடிச்சு இன்னும் இறுகியது. மறுபடி இழுத்தார். ஒற்றைக் காலில் நின்று பார்த்தார், தள்ளாடிக் கீழே உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக மற்றவர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவிழ்த்துவிட்ட முடிச்சு அவருக்கு மறந்தேபோயிருந்தது. எங்கள் ஆட்கள் ஓடிப்போய் அவிழ்க்கத் துடிக்கிறார்கள், வீரர்கள் ஈட்டியைக் குறுக்கே பிடித்துவிட்டார்கள். திடல் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆயர் பயத்தில் நடுங்குகிறார் என்று ஒருவன் கத்தினான்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். “எடது முனைய இழுங்க! எடது முனை! வலதப் பிடிச்சு இழுத்தா இறுகத்தான் செய்யும்!”

அவர் இடது முனையை இழுத்தார். அவிழ்ந்தது. நிமிர்ந்து, அத்தனை கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார். நாங்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது செருப்பு முடிச்சைப் பற்றித்தான். சபையார் பிற்பாடு இதை மாற்றிவிட்டார்கள். நான் எழுந்து நின்று வானத்தைக் காட்டி ஏதோ சொன்னேன் என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பிறகு தீ வைத்தார்கள். விறகு ஈரம். காற்று வேறு கடல் பக்கமிருந்து அடித்து, புகையையும் தீயையும் அவரைவிட்டு ஒதுக்கி ஒதுக்கிக் கொண்டுபோனது. ரொம்ப நேரம் ஆனது. தேவனைக் கூப்பிட்டார், கொஞ்ச நேரம் கழித்து வெறுமனே கத்தினார். நறுமணம் வந்தது, முகம் பொன்னாக மின்னியது என்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். நறுமணமும் இல்லை, பொன்னும் இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அது மட்டும்தான் என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது.

எல்லாம் முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். “நீங்க இனிமே பாக்கக் கூடாது ஆயரம்மா, நாங்க இருக்கோம்ல” என்று ரொகாத்துஸ் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருத்தி அழுது முடித்து எழுந்து போவாள், இன்னொருத்தி வந்து உட்காருவாள். எங்கே போகிறார்கள், எங்கேயிருந்து வருகிறார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு, நானே நெய்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினேன். காவலர்கள் போய்விட்டிருந்தார்கள். தணலை அவிக்க ஊற்றிய திராட்சரசத்தின் வாடை அடித்தது. ஈரமான கறுப்புத் தரை மட்டும் இருந்தது. ஒரு துண்டு எலும்பு இல்லை. எனக்கு ஆறுதல் சொன்ன நேரத்தில் முறைவைத்து வந்து அவரைப் பங்கு போட்டுவிட்டார்கள்.

பகைவன் எடுத்திருந்தால் சபிக்கலாம். அன்பினால் எடுத்தவர்களை என்ன செய்வது? வெறுந்துணியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரையில் உட்கார்ந்து, அரிசாவிடம் என்ன சொல்வேன் என்று அழுதேன்.

விடிந்ததும் கர்கீலியா வீட்டுக் கொல்லையில் சபை கூடியது. நான் எழுந்து நடுவில் நின்றேன்.

“நேத்து என் கனவுல அவர் வந்தாரு” என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“நொண்டிக்கிட்டு வந்தாரு. ‘என் முழங்கால் எங்கடி, என் தாடை எங்க, நியாயத்தீர்ப்பு நாள்ல நான் எப்படி எழுந்திருப்பேன்’னு கேட்டாரு. யார் யார் வீட்டுல எது எது இருக்குன்னு எனக்குக் காட்டுனாரு. நான் வந்து கேட்டும் குடுக்காதவங்க வீட்டுக்கு அவரே வந்து கேப்பாராம்.”

பொய். சுத்தப் பொய். அவர் கனவில் வரவில்லை. நான் தூங்கவே இல்லை, கனவு எங்கிருந்து வரும்? ஆனாலும் பொய் நன்றாக வேலை செய்தது. கூட்டத்தில் இரண்டு பேர் அப்போதே இடுப்பு மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

துணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். கர்கீலியா வெள்ளிப் பெட்டியில் ஒரு முதுகெலும்புத் துண்டை வைத்து, ரோஜா இதழ் தூவி வைத்திருந்தாள். பெட்டியோடு தருகிறேன் என்றாள். பெட்டி வேண்டாம், அவர் பெட்டிக்குள் அடங்குகிற ஆள் இல்லை என்றேன். ரொகாத்துஸ் விலா எலும்புகளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டே, “ஒரு பாதுகாப்புக்குத்தான் எடுத்து வச்சேன்” என்றார். “யார்கிட்டருந்து பாதுகாப்பு? என்கிட்டருந்தா?” என்று கேட்டுக்கொண்டே வாங்கித் துணியில் போட்டேன். ரொட்டி சுடுகிறவனின் மனைவி கதவைத் திறந்ததுமே காலில் விழுந்துவிட்டாள். அவள் எடுத்துப்போன துண்டை இடித்துத் தூளாக்கி, தண்ணீரில் கலக்கி, வலிப்பு வருகிற தன் மகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரிசா வயது இருக்கும். “வலிப்பு நின்னுச்சா?” என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அவளை நான் எப்படித் திட்டுவேன்? அந்தத் துண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லறைக்குப் போய், மூடுகல்லை நகர்த்தி, துணியை விரித்து, தலையிலிருந்து கால்வரை அவரை வரிசையாக அடுக்கினேன். சபையில் யார் செத்தாலும் குளிப்பாட்டிக் கிடத்துகிறவள் நான்தான், எது எங்கே என்று எனக்குத் தெரியும். அங்கங்கே குறை இருந்தாலும் ஆள் தெரிந்தார். வலது கை மட்டும் மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது.

யாரிடம் இருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முத்தூன் செக்குக்குப் பின்னால், ஆலிவ் சக்கை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஒரு தோல்பை. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டான்.

“குடுடா.”

“அக்கா, என் கனவுலயும் அவர் வந்தாருக்கா.”

“என்ன சொன்னாரு?”

“என் முன்னால மண்டி போட்டு உக்காந்தாரு. ‘மன்னிச்சுக்கோ முத்தூன், எனக்குத் தாமதமாயிருச்சு. இந்தக் கைய நீயே வச்சுக்கோ’ன்னு சொன்னாருக்கா.”

எந்தக் கனவிலும் என் கணவர் அப்படிச் சொல்லமாட்டார். மன்னிச்சுக்கோவாம்! பொய் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் எந்த வாயால் அதைச் சொல்வது? என் கனவு மட்டும் என்ன வாழ்ந்தது? அதுவும் போக, மனசின் ஒரு மூலையில் இன்னொன்றும் அரித்தது. ஒருவேளை நிஜமாகவே வந்திருந்தால்? என்னிடம் வராமல் இவனிடம் போயிருந்தால்? முப்பது வருஷம் ஆறிய கஞ்சியைச் சூடு பண்ணியவளை விட்டுவிட்டு, வாசலில் நின்றவனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருந்தால்? எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்துப்போன மனிதர் யார் கனவுக்குப் போனார் என்று பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

“அதத் தலையில வச்சுக்கிட்டியா?” என்று கேட்டேன்.

“வச்சுப் பாத்தேங்கா. நானே வச்சா அது கணக்குல சேராதுல்ல? ஒன்னுமே தெரியல. எலும்பா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அதைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது. “உயிர்ப்பு நாள்வரைக்கும் வச்சுக்கோ” என்றேன். “அவர் குடுத்த தவணை அது. அன்னைக்குக் காலைல நீயே கல்லறைக்குக் கொண்டுவரணும். வராம இருந்தேன்னு வச்சுக்கோ, செக்கோட சேத்து உன்னையும் கொளுத்திருவேன்.”

அவன் அழுதான். அவன் எதற்குத்தான் அழவில்லை.

உயிர்ப்பு நாளுக்கு முந்தின நோன்பு வாரங்களில் ஆளுநரின் ஆட்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை சொத்துள்ள ஆண்களைக் கூப்பிட்டார்கள். சாம்பிராணி போடாதவனுக்கு நிலமும் போகும், உயிரும் போகும், வாளா தீயா என்பது ஆளுநர் இஷ்டம். ரொகாத்துஸ் மலைக்கு ஓடிவிட்டார். கர்கீலியா கடலோரத்தில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழை விதவைகளை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, அதனால் நான் சந்தைத் திடலில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன்.

முத்தூன் பெயரைக் கூப்பிட்டார்கள். நடந்து போனான். இடது கையால் கழுத்துப் பையைப் பிடித்திருந்தான். பீடத்துக்கு முன்னால் நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். போடாதேடா என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அடுத்த நிமிஷமே, போட்டுவிட்டு வீட்டுக்குப் போடா, இன்னொரு தடவை என்னால் அதைப் பார்க்க முடியாது என்றும் கத்தினேன். ஈர விறகில் ஒரு ஆள் வேக எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், அன்றைக்கு அவனும் அங்கேதான் இருந்தான். அவன் வலது கை தானாகவே கிண்ணத்துக்குள் போனது. ஒரு கிள்ளு. புகை எழும்பியது. இடது கை பையை விடவே இல்லை.

அவனோடு போன ஆறேழு பேரில் இரண்டு பேர் போட மறுத்தார்கள். வாளுக்குப் போனார்கள். அவர்களையும் நான்தான் குளிப்பாட்டினேன். அவர்களின் மனைவிமார் முத்தூன் வீட்டு வாசலில் காறித் துப்பினார்கள், அதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒரு தடவை விழுந்தவனுக்குத் தவணை உண்டு. இரண்டாம் தடவை விழுந்தவனுக்கு ஒன்றுமே கிடையாது, சாகக் கிடந்தாலும் யாரும் கைவைக்கக் கூடாது. அதுவும் பாரிக் போட்ட விதிதான்.

உயிர்ப்பு நாள் விடிகாலையில், மிச்சமிருந்த சபையார் ஒரு தானியக் கிடங்கில் ஒளிந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. கல்லறையில் மூடுகல்லை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வருவான் என்று நம்பவில்லை. ஆனால் வந்தான். கிட்டே வராமல், சரிவுக்குக் கீழே, ஒரு ஆலிவ் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதி ஆளாக இளைத்திருந்தான்.

“அக்கா, பைய இங்க வச்சிட்டுப் போறேன். வந்து எடுத்துக்கோங்க.”

“இங்க வா.”

“வேணாங்கா. எனக்கு இனிமே ஒன்னும் கெடையாது. எனக்கே தெரியும்.”

“இங்க வாடான்னா!”

வந்தான். பையைக் கழற்றி நீட்டினான், முகத்தைப் பார்க்கவில்லை. பிரித்தேன். விரல் எலும்புகளைத் தேன்மெழுகு போட்டு ஒட்டி, ஒரு துண்டு கம்பளியில் சுற்றி, கலையாமல் வைத்திருந்தான். என் உள்ளங்கையில் எடுத்து வைத்தபோது ஒரு குருவி அளவுகூடக் கனம் இல்லை. ஆனாலும் அது அவர் கைதான். சுட்டுவிரல் கொஞ்சம் கோணல். ஒரு கழுதை மிதித்தது.

“கனவு பொய்க்கா” என்றான் முத்தூன். “அவர் வரல.”

“தெரியும். என் கனவும் பொய்தான்.”

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“குனி” என்றேன்.

“அக்கா, வேணாம். ரெண்டாந்தடவ போட்டவங்கா நான். அவரே இருந்திருந்தா வச்சிருக்கமாட்டாரு.”

“வச்சிருக்கமாட்டாருதான். ஆனா அவர் உயிரோட இருக்கும்போது உயிர்ப்பு நாள்ல வைக்கிறேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாரு. இன்னைக்கு உயிர்ப்பு நாள். சாப்பாட்டுக்குத்தான் நேரத்துக்கு வரல, இதுக்காவது வரட்டும். குனிடா.”

அவன் மண்டி போட்டுக் குனிந்தான். முடியெல்லாம் நரைத்திருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு வாடை அடித்தது. அவர் கையை அவன் தலைமேல் வைத்தேன். எலும்பு வழுக்கியதால் என் கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டேன். சொல்ல வேண்டிய ஜெபம் நீளமானது, ஆயர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும், அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். நான் அதைச் சொல்லவில்லை. “சமாதானமா போ” என்று மட்டும் சொன்னேன். என் கைக்குக் கீழே அவர் கை, அவர் கைக்குக் கீழே அவன் தலை, மூன்றும் நடுங்கின. யார் நடுங்கியது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு கையை மணிக்கட்டோடு சேர்த்து வைத்தேன். அந்த விரல்கள் அரிசா பக்கம் இருக்கும்படி துணியை மடித்தேன். மூடுகல்லை முத்தூன் தள்ளினான்.

சபைக்கு இது தெரிந்துவிட்டது. எனக்கு இப்போது கூட்டத்தில் அப்பம் கிடையாது. முத்தூன் பக்கத்தில், வாசலுக்கு வெளியே, நானும் நிற்கிறேன். மழை பெய்தால் அவன் தன் போர்வையைப் பிடிப்பான்.

அவர் இன்றுவரை என் கனவில் வரவில்லை. கோபமாக இருப்பார். கதவை உடைத்துவிட்டாயே என்று என்னைக் கிழிக்க ஆயிரம் வார்த்தை வைத்திருப்பார். வந்து திட்டட்டும். அதற்காகவாவது ஒரு தடவை வரட்டும்.